கல்விக்கொடையும் குருதிக்கடனும்

வைகையாற்றின் கரைப்புறத்தே, இன்றைத் தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டத்தில், புலிமான்கோம்பை என்பதோர் சிற்றூர் உளது. 2006-ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் அவ்வூரில் தமிழ்பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றினைக் கண்டறிந்தனர். எழுத்துடை நடுகற்களுள் இவை மிகப் பழையன என்றும், கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்டன என்றும் அறிஞர் கூறுப. அவற்றுள் ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆகோட்பூசலில் உயிர்நீத்த அந்தவன் என்பானுக்காக எடுக்கப்பெற்றது. அப்பெயருடைய ஊரொன்று கம்பத்தை அடுத்து இன்றும் விளங்குகின்றது. அந்தவனுடைய தாய் யாவள், மக்கள் எவர் என்பன அக்கல்லில் இல்லை. அவனை ஏவிய தலைவன் இன்னான் என்பதும் இல்லை. பூசலிற் பட்டவன் ஒருவன் பெயரை அவனோடு வாழ்ந்தார் மறக்க ஒருப்பட்டிலர் என்னும் ஒன்றனையே அக்கல் இரண்டாயிரம் ஆண்டுகட்குப் பின்னரும் நின்று சொல்லுகின்றது.

அந்தவன் காலத்து வழக்கம் வேறு. இக்காலத்து வழக்கம் வேறு. இந்நாளிற் படைத்தொழில் மேற்கொண்டு உயிர்நீத்தார் பெயரால் கல் நிறுத்துவதோடு அமையாது, பொருள் திரட்டி முதலாக வைத்து, அதன் வட்டியைக் கொண்டு வறிய மாணவரைப் படிப்பிக்கும் வழக்கம் பல நாடுகளிலும் பரவியுளது. முன்னாளில் உபகாரச் சம்பளம் என்றும், இந்நாளில் கல்வி உதவித்தொகை என்றும் இதனை வழங்குப. உபகாரம், உதவி என்னும் இச்சொற்களே ஆராய்ச்சிக்குரியன. உதவி என்பது கொடுப்பான் விரும்பிற் கொடுப்பதும், விரும்பாவிடில் ஒழிவதுமாம். பிறர்க்காக உயிர்கொடுத்தான் ஒருவன் பெயரால் அளிக்கப்படுவது அத்தகையதோ? அன்றி, கொடுத்தே தீரவேண்டிய கடனோ? இவ்வினா சொற்பற்றியதேயன்று, வாழ்க்கை பற்றியது. இதற்குக் கூறும் விடையைப் பொறுத்தே கொடுப்பாரது மனநிலையும், பெறுவாரது மானமும், இறந்தாரது நினைவும் நிற்பனவாம்.

மேற்குமலையின் அடிவாரத்தே தேவாரத்திற்கும் கோம்பைக்கும் அணித்தாயுள்ள பண்ணைப்புரத்தை எடுத்துக்கொள்க. இசையுலகில் இளையராசாவைத் தந்த ஊராக அதனைப் பலரும் அறிவர். அத்தகைய ஊரினின்று ஓர் இளைஞன் படையிற் சேர்ந்து, வடக்கே பனிமலை எல்லையில் உயிர்நீத்தான் என்று கொள்க. இஃது எடுத்துக்காட்டிற்காகக் கூறியதேயாயினும் நிகழாதது அன்று. 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16-ஆம் நாள் அருணாசலப் பிரதேசத்து மண்டலா என்னும் இடத்தருகே இராணுவ ஹெலிகாப்டர் வீழ்ந்து இருவர் மாண்டனர். அவருள் ஒருவராகிய மேஜர் ஜெயந்த், இத்தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தை அடுத்த ஜெயமங்கலத்தைச் சார்ந்தவர். ஆகலின் இத்துயரம் இப்பக்கத்து மக்கட்குப் புதியதன்று.

எடுத்துக்கொண்ட இளைஞனுடைய தாய்க்கு அரசாங்கத்தார் ஒரு தொகை அளிக்கின்றனர். அவள் அதனைத் தொட அஞ்சுகின்றாள். மகன் குருதிக்கு விலையாக வந்தது இஃது, இதனை உண்பது எங்ஙனம் என்று உள்ளம் நடுங்குகின்றாள். சுற்றத்தார் நிலம் வாங்குக என்பர். சிலர் கோயிற்றிருப்பணிக்கு ஈக என்பர். பள்ளியாசிரியர் ஒருவர், அவன் பெயரால் ஏழைப்பிள்ளைகள் படிக்க நிதியொன்று அமைக்க என்பர். அத்தாய் ஆசிரியர் சொல்லின்பாற் சாய்கின்றாள் என்று வைத்துக்கொள்க. அப்பொழுது ஊரிலுள்ள கற்றாரிடையே மூன்று ஐயங்கள் எழும். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வாம்.

முதலாவது ஐயம்: அவரவர் செய்த வினையின் பயனை அவரவரே நுகர்வர் என்பது சித்தாந்த நூற்றுணிபு. மகன் தன் வினைவழியே உடல்நீங்கினான். தன் வினைவழியே அடுத்த நிலை எய்துவான். தாய் பிறர்பிள்ளைகளைப் படிப்பித்தலால் அவனுக்கு எய்துவது யாது? எய்துவது இன்றெனின், அவன் பெயரை அதன்மேல் இடுதல் வெற்று வழக்கேயன்றோ?

இதற்கு விடை: வினை சடம், அது தானே சென்று பயன் ஊட்டமாட்டாது. ஊட்டுவான் முற்றறிவுடைய முதல்வன் ஒருவனே என்பதும் அந்நூற்றுணிபேயாம். ஒருவன் கணக்கிலுள்ள பொன்னை மற்றொருவன் கணக்கிற்கு மாற்றுவதுபோலத் தாய் தன் நல்வினையை மகனுக்கு எழுதிக்கொடுத்தல் கூடாது. ஆயினும் தென்புலத்தார்க்குச் செய்யும் கடனை ஆன்றோர் விலக்கினாரல்லர், இன்றியமையாதென்றே வைத்தனர். என்னை? அக்கடன் இறந்தாரது வினையை அழிப்பதற்கென்று அமைந்ததன்று. இருப்பாரது நன்றியை நிலைநிறுத்துதற்கென்று அமைந்தது. அதன் பயன் எவர்க்கு, எவ்வளவு, எங்ஙனம் என்பது ஊட்டுவோனாகிய சிவபெருமான் அறிவது. தாய் அறியவேண்டுவது, தான் செய்யத்தக்கது இஃது என்பதொன்றே. எனவே, மகனுக்கு இது சென்று சேருங்கொல் என்று அவள் கலங்க வேண்டுவதில்லை. மகன் தன் உடம்பைப் பிறர்க்காக விட்டது அவனது வினை. அதனை மறவாமை அவளது வினை. இரண்டும் முதல்வன் திருமுன்னர் இழந்துபோகா.

இரண்டாவது ஐயம்: படைஞன் தொழில் கொலையோடு படுவது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சைவர், போரிற் பட்டானைப் போற்றி நிதி அமைத்தல் போரைப் போற்றுவதாகாதோ? அதனாற் படிக்கும் இளஞ்சிறார் உள்ளத்தே பகைமை விதைக்கப்படாதோ?

இவ்வையம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பழைய கிரேக்கநாட்டு ஆதென்சு நகரத்தார், போரில் மாண்டாருடைய மக்களைப் பொதுப்பொருள் கொண்டு வளர்த்தனர். அஃது அவர்க்குப் புகழ். ஆயின், அம்மக்கள் பருவம் எய்தியபொழுது, நகரத்துப் பெருவிழாவில் நாடக அரங்கின்கண் அவர்களை நிறுத்தி, கவசமும் படைக்கலமும் பூட்டி அனுப்பினர். தந்தை சென்ற போர்க்களத்திற்கே மகனையும் ஆயத்தப்படுத்தினர் என்பது அதனாற் பெறப்படும். இக்காலத்துக் கல்வி நிதி மகன் கையிற் கொடுப்பது புத்தகம். அவன் மருத்துவனாகலாம், உழவியல் வல்லுநனாகலாம், ஆசிரியனாகலாம். தந்தையைப் பின்பற்றிப் படையிற் புகவும் புகலாம். தெரிந்துகொள்ளும் உரிமை அவனதாகின்றது. இவ்விரண்டற்கும் உள்ள வேற்றுமை பெரிது.

படைக்கலத்தையும் புத்தகத்தையும் ஒருங்கே நினைப்பிக்கும் வரலாறு ஒன்று திருத்தொண்டர் புராணத்தே உளது. திருக்கோவலூரில் அரசுசெலுத்திய மெய்ப்பொருள் நாயனாரை நேர்நின்று வெல்லமாட்டாத முத்தநாதன் என்பான், திருநீறு பூசிச் சடைபுனைந்து, புத்தகக் கட்டினுள்ளே வாளை மறைத்து வந்தான். ஆகமநூல் ஓதுவிப்பான்போல் நடித்து, பணிந்த அரசரைக் குத்தினான். அவனை வெட்டப் புக்க தத்தனைத் தடுத்து, அவன் பூண்ட வேடத்தையே மெய்ப்பொருளெனக் கொண்டு, ஊரார் தீங்கு செய்யாவண்ணம் அவனை எல்லைகடத்தி விடுவிக்க ஆணையிட்டார் அரசர். அது நிறைவேறிற்று என்னும் செய்தி கேட்கும்வரை அவர் உயிர் தரித்திருந்தது. முத்தநாதன் புத்தகத்தைப் படைக்கலத்திற்கு உறையாக்கினான். வீழ்ந்த வீரன் பெயராற் கல்விநிதி அமைப்பார், படைக்கலத்தால் வந்த துயரத்தினின்று புத்தகத்தை வெளிப்படுத்துகின்றனர். முன்னது அறிவை வஞ்சத்திற்குக் கருவியாக்கியது. பின்னது துன்பத்தை அறிவிற்குக் கருவியாக்குவது. தம்மைக் கொன்றான்மேலும் வெகுளாத மெய்ப்பொருளாரை வணங்குவார், நினைவு நிதியைப் பகைவளர்க்கும் வாயிலாக்குதல் அடாது.

இன்னும், திருநீடூர் முனையடுவார் நாயனார் போரிற் றோற்று அடைந்தார்க்காகப் பொருள்பெற்றுப் பொருதவர். பெற்ற பொன்னை அடியாரை ஊட்டுதற்கே செலவிட்டவர். போர்முனையில் வந்த பொருள் என்பது பற்றி அவருடைய கொடை இழிந்ததாயிற்றில்லை. அது சென்ற இடம் அதனைத் தூயதாக்கிற்று. ஆகவே, குருதியால் வந்ததென்று தாய் அஞ்சும் அப்பொருள், பசித்த பிள்ளையின் கல்வியாக மாறுங்கால் அதன் கறை நீங்கும் என்பதில் ஐயமில்லை. போற்றப்படுவது கொலையன்று, தன்னுயிரைப் பிறர்க்கு முன்னாக நிறுத்திய துணிவேயாம்.

மூன்றாவது ஐயம்: அறத்தின்மேற் பெயரிடுதல் செருக்கிற்கு வாயில். யான் செய்தேன், எனது பொருள் என்னும் பற்றோடு செய்யும் நல்வினை பசுபுண்ணியமாய்ப் பிறவிக்கே வித்தாகும் என்பர். பெயர் பொறித்த கொடை பசுபுண்ணியமேயன்றோ?

இதற்குத் திங்களூர் அப்பூதியடிகள் வரலாறே விடையாம். திருநாவுக்கரசு சுவாமிகளைக் கண்ணாற் காணாமலே, தம் மக்கட்கும், வீட்டிலுள்ள அளவைகட்கும், ஆனிரைக்கும், தாம் அமைத்த தண்ணீர்ப்பந்தலுக்கும் அவர் திருப்பெயரையே இட்டார் அப்பூதியார். அவ்வழிவந்த நாவரசர் பந்தலில் தம் பெயர் கண்டு வியந்து, நும் பெயரை எழுதாது வேறொரு பெயர் எழுதியது என்னை என்று வினவினர். அவ்வினாவே அப்பூதியார்க்குப் பொறுக்கலாற்றாததாயிற்று. தண்ணீர் தருவது தாமாயினும், தருவதற்குத் தகுதியுடைய பெயர் மற்றொன்று என்பது அவர் துணிபு. பொருளும் உழைப்பும் தம்முடையன, பெயர் தம்முடையதன்று. செருக்குப் புகுதற்குரிய வாயிலையே அவர் அடைத்துவிட்டார்.

இறந்த வீரன் பெயரால் அமைக்கும் நிதியும் அத்தகையதாதல் கூடும். பெயருடையான் இறந்துபட்டான், அவன் தன் பெயரைக் கல்லிற் கண்டு இறுமாத்தற்கு இல்லை. கொடுப்பான் உளன், அவன் பெயர் அங்கு இல்லை. ஆகவே பெயருள்ள இடத்திற் செருக்கு இல்லை. செருக்குத் தோன்றுதற்குரிய இடத்திற் பெயர் இல்லை. ஆயின், வீரன் பெயர் சிறிதாகவும், பொருளுதவினார் பெயர்கள் பெரியவாகவும், விழாவிற்றலைமை தாங்கினார் படம் எல்லாவற்றினும் பெரிதாகவும் அமையுமாயின், அது பசுபுண்ணியமாகவும் நில்லாது விளம்பரமாய் ஒழியும். சிவன் தந்த பொருளைச் சிவன் உயிர்கட்குச் செலுத்துகின்றோம் என்னும் நினைவோடு, இறந்தான் பெயரை முன்னிட்டுத் தம் பெயரை மறைப்பாராயின், அதுவே சிவபுண்ணியத்தின்பாற் சேரும்.

ஐயங்கள் மூன்றும் இங்ஙனம் நீங்க, முதற்கண் எழுந்த வினாவிற்கு வருக. இது கொடையோ, கடனோ?

பண்டைத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுக்களிலே உதிரப்பட்டி என்றொரு சொல் வழங்குகின்றது. போரிலும் பூசலிலும் உயிர்விட்டார் சுற்றத்தார்க்கு அளிக்கப்பட்ட நிலம் அப்பெயர் பெறும். உதிரம் என்பது குருதி. பெயர் வைத்தாரது கருத்தை நோக்குக. தருமப்பட்டி என்றோ, உதவிப்பட்டி என்றோ அவர் பெயரிட்டாரல்லர். கொடுத்தவன் பெருமையை அச்சொல் கூறவில்லை. சிந்திய குருதியையே கூறுகின்றது. விலை முன்னரே செலுத்தப்பட்டுவிட்டது, நிலம் பின்னர் வருகின்றது என்பது அச்சொல்லின் உட்பொருள். எனவே முன்னோர் இதனைக் கடனென்றே கருதினர் எனல் பொருந்தும்.

இக்காலத்து நிகழ்ச்சியொன்று இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். 1971-ஆம் ஆண்டுப் போரின் பின்னர், போரில் மாண்டார், காணாமற் போனார், உறுப்பிழந்தார் என்னும் இவருடைய மக்கட்குக் கல்விச் செலவு முழுதும் ஏற்பதாக இந்திய அரசினர் 1972-ஆம் ஆண்டுமுதல் ஒரு திட்டம் நடத்தி வந்தனர். 2017-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சேர்ந்து திங்களொன்றிற்கு 10,000 ரூபாய்க்கு மேற்படலாகாது என்றொரு வரம்பு இடப்பட்டது. மாண்டார் குடும்பத்தார் வருந்தினர். அந்நாட் கடற்படைத் தலைவர் அவ்வரம்பினை நீக்குமாறு பாதுகாப்பு அமைச்சர்க்கு எழுதினார். 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவ்வரம்பு நீக்கப்பட்டது.

அரசின் வருவாயை நோக்க அத்தொகை பெரிதன்று. பின்னர் மக்கள் உள்ளம் புண்பட்டது எதனால்? கொடையாயின் அதற்கு வரம்பிடுதல் கொடுப்பானது உரிமை. நூறு கொடுத்தவன் அடுத்த ஆண்டு ஐம்பது கொடுப்பின் அவனைப் பழிப்பார் இலர். கடனாயின் அதற்கு வரம்பிடுதல் கடன்பட்டானது உரிமையன்று. உயிர் கொடுத்தவன் இத்துணைதான் கொடுப்பேன் என்று வரம்பிட்டுக் கொடுத்தானல்லன். அவனது கொடைக்கு எல்லையில்லாதிருக்க, அவன் பிள்ளைக்குச் செய்வதற்கு எல்லையிடப்பட்டது என்பதே நோவிற்குக் காரணம். அவ்வரம்பு நீங்கியது அறிவொடு படுவதொரு செயல். இது கடன் என்பதை மக்கள் மனச்சான்று ஐயமின்றி உணர்ந்திருந்தமைக்கு அந்நிகழ்ச்சியே சான்று.

அரசினர் செய்வன இன்னும் சில உள. 1949-ஆம் ஆண்டுமுதல் திசம்பர் 7-ஆம் நாள் கொடிநாளாகக் கொள்ளப்பட்டு, படையினர் குடும்ப நலத்திற்குப் பொதுமக்களிடம் பொருள் திரட்டப்படுகின்றது. 1962-ஆம் ஆண்டில் அமைந்த தேசியப் பாதுகாப்பு நிதியினின்று, தலைமை அமைச்சர் பெயரால் வழங்கும் உதவித்தொகை 2006-2007-ஆம் ஆண்டிற் றொடங்கிற்று. முன்னாட் படைஞர்தம் மக்களும், மாண்டார்தம் மனைவியரும் மக்களும் தொழிற்கல்வி பயிலுதற்கு அது பயன்படுகின்றது. 2019-ஆம் ஆண்டில் மாணவர்க்குத் திங்கள்தோறும் 2,500 ரூபாயும் மாணவியர்க்கு 3,000 ரூபாயுமாக அது உயர்த்தப்பட்டது. பயங்கரவாதிகளாலும் நக்சலரானும் கொல்லப்பட்ட மாநிலக் காவலருடைய மக்கட்கும் விரிக்கப்பட்டது. இவையெல்லாம் நன்றே. ஆயினும் அரசு செய்கின்றது என்று ஊர் சும்மா இருத்தல் தகாது. அரசின் ஏட்டில் அவன் ஓர் எண். ஊரின் நெஞ்சில் அவன் ஓர் ஆள்.

கடனெனின், கடன்பட்டார் யாவர்? ஈண்டுத்தான் எடுத்துக்காட்டிற் கூறிய தாயின் நிலை ஊன்றி நோக்கத்தக்கது. அவள் மகனைக் கொடுத்தவள். ஊரும் நாடும் அவளுக்குக் கடன்பட்டன. அவள் எவர்க்கும் கடன்பட்டிலள். அங்ஙனமிருக்க, அவள் தன் கைப்பொருளையும் எடுத்து நிதி அமைக்கின்றாள். கடன் கொடுத்தவளே கடன்பட்டார்க்காக மீண்டும் செலுத்துவது போல்வது இது. வீழ்ந்தாருடைய மனைவியரும் பெற்றோரும் இங்ஙனம் முன்வருதல் உலகிற் பலவிடத்தும் காணப்படும். 2007-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் காசுமீரத்து ஊரி என்னுமிடத்தே உயிர்நீத்து, அசோக சக்கர விருது பெற்ற கர்னல் வசந்த் அவர்களுடைய மனைவியார் சுபாஷிணி என்பார் பரதநாட்டியம் வல்லவர். அவர் கணவர் நினைவாகப் பெங்களூரில் ஓர் அறநிலையம் தொடங்கி, தம்மைப்போற் கணவரை இழந்த மகளிர்க்கும் அவர்தம் மக்கள் கல்விக்கும் துணையாய் நின்றார். தம் துயரத்தைத் தமக்குள்ளே வைத்துப் பூட்டாது, அதே துயரம் உற்ற பிறர்பாற் கதவுதிறந்த அச்செயல் போற்றத்தக்கது.

ஆயினும் இழந்தாரே கொடுக்க, காக்கப்பட்டார் கைகட்டி நின்று புகழ்வது அறமாகாது. தாய்க்கு மருந்துச் செலவு உண்டு. இளைய மகளுக்கு மணம் உண்டு. ஒழுகும் கூரை உண்டு. இவற்றிற்கு அரசு அளித்த பொருளைச் செலவிடின் அவள் மகனை விற்றுண்டவள் ஆகாள். மகன் உயிரோடு இருப்பின் அவன் ஊதியத்தை உண்டிருப்பாளன்றோ? அஃதெங்ஙனம் தவறன்றோ அங்ஙனமே இதுவும் தவறன்று. இதனை அவளுக்கு எடுத்துரைத்து அவள் நடுக்கத்தைத் தீர்ப்பது கற்றார் கடமை. அவள் தன்பங்கைத் தான் விரும்புமளவு கொடுப்பின் அது சிவபுண்ணியம். கொடுக்க இயலாவிடினும் அவட்குக் குற்றமில்லை. ஊரார் கொடாமையே குற்றம். உலையிலிடும் அரிசியிலே ஒருபிடி எடுத்து அறத்திற்கென வேறு வைக்கும் பிடியரிசி வழக்கம் தமிழ்நாட்டு மகளிர் அறிந்ததே. பண்ணைப்புரம் போல்வதோர் ஊரில் வீட்டிற்குச் சிறுதொகை திங்கள்தோறும் அங்ஙனம் எடுத்து வைப்பின், தாய் கொடாமலே நிதி நிறையும். அந்நிதியின்மேல் அவள் மகன் பெயர் இருத்தல் ஊரார் அவளுக்குச் செலுத்தும் வணக்கமாம்.

இனி, நிதியின் பயன் யாருக்குச் செல்லவேண்டும்? உதிரப்பட்டி சுற்றத்தார்க்குச் சென்றது. வீரன் மக்களை விட்டிறந்தானாயின் அவர்க்கே முதலுரிமை என்பதில் தடையில்லை. மணமாகாதே மாண்டானாயின், ஊரிலுள்ள பிள்ளைகளெல்லாம் அவன் பிள்ளைகளே. அவருள்ளே குலம் கேட்டலும், கட்சி கேட்டலும், வேண்டியவர் வேண்டாதவர் என்று பிரித்தலும் அடாதன. என்னை? எல்லையிற் காவல் நின்றவன், தன் பின்னே உறங்குவார் இன்ன குலத்தார் என்று வினவி நின்றானல்லன். அவன் கேளாத கேள்வியை அவன் பெயராற் கொடுப்பார் கேட்பது அவனை இரண்டாமுறை கொல்வதாம். வறுமையும் கல்வியார்வமும் ஆகிய இரண்டே நோக்கத்தக்கன. அந்தணராகிய அப்பூதியார் வேளாளராகிய நாவரசர் பெயரைத் தம் மக்கட்கு இட்ட நாடு இது என்பதை மறக்கலாகாது.

நிதியைக் காக்கும் முறையும் முன்னோர் காட்டியதே. திருக்கோயிலில் நந்தாவிளக்கு எரிப்பதற்கு 90 அல்லது 96 ஆடுகளை விட்டு, அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டில் வரைந்தனர். ஆடு சாவாதோ, மூவாதோ எனின், சாகும், மூக்கும். ஆயின் ஈன்ற குட்டி இறந்த ஆட்டின் இடத்தில் நிற்க, தொகை குறையாது. கொண்டவன் நெய்யை மட்டும் அளந்து கொடுப்பான். முதலைத் தொடாது பயனை மட்டும் செலவிடுக என்பதே அச்சொல்லின் கருத்து. ஐந்து இலக்கம் ரூபாய் முதலாக நூற்றுக்கு ஆறு வட்டியில் வைப்பின் ஆண்டிற்கு 30,000 ரூபாய் வரும். அதனை முழுதும் வழங்கின், பொருள்களின் விலை ஏறஏற, பின்வரும் மாணவன் பெறுவது தொகையால் ஒன்றாயினும் பயனாற் குறைந்துகொண்டே போகும். 24,000 ரூபாயை ஒரு மாணவனுக்குத் திங்களுக்கு 2,000 வீதம் அளித்து, எஞ்சிய 6,000 ரூபாயை முதலோடு சேர்த்து வருதல் ஆட்டிற்குக் குட்டி சேர்த்தல் போல்வது. இளமையில் மாண்டவன் பெயரால் அமைந்த நிதிக்குச் சாவா மூவா என்னும் அப்பெயர் எத்துணைப் பொருத்தம்!

காவலில் வழுவினால் வருவதையும் ஒரு படைத்தலைவர் வரலாற்றிலேயே காண்க. கோட்புலி நாயனார் சோழன் சேனைத்தலைவர். ஊதியப் பொருளைக் கொண்டு திருவமுதிற்கு நெல் தொகுத்து வைத்தவர். அவர் போர்மேற் சென்றபொழுது பஞ்சம் வந்தது. பின்னர்த் திருப்பிக் கொடுப்போம் என்று எண்ணிச் சுற்றத்தார் அந்நெல்லை உண்டனர். மீண்ட நாயனார் செய்தது செயற்கரியது. பிறர் பின்பற்றுதற்குரியது அன்று. ஆயின் சுற்றத்தார் நினைத்த நினைவு நாள்தோறும் உலகில் நிகழ்வது. பின்னர்த் தருவோம் என்ற எண்ணமே பொதுநிதிகள் பலவற்றையும் அழித்தது. போர்க்களத்திற்குச் சென்றவன் திரும்பிவந்து கணக்குக் கேட்டலால் அன்று உண்மை வெளிப்பட்டது. வீழ்ந்த வீரன் திரும்பி வந்து கணக்குக் கேளான். கேட்பான் இலன் என்பதனாலேயே அவன் பெயரால் வைத்த நிதியின் கணக்கு ஆண்டுதோறும் ஊரறியப் படிக்கப்படவேண்டும்.

இறுதியாக, பெறும் மாணவன் நிலை யாது? கொடை பெறுவான் கைதாழும். கடன் பெறுவான் கைதாழ வேண்டுவதில்லை. ஊர் பட்ட கடனை ஊர் செலுத்துகின்றது. அது தன்வழியாகச் செல்கின்றது என்று அவன் உணர்ந்தால் அவன் மானம் குறைவதில்லை. மேடையில் நிறுத்திப் படம்பிடித்து அவன் வறுமையைப் பறையறைதல் வேண்டா. அவன் அறியவேண்டுவது ஒன்றே: தான் ஓதும் நூலின் விலையை முன்னரே ஒருவன் கொடுத்துச் சென்றான் என்பது. அவன் பெயரும், அவன் பிறந்த தெருவும், அவன் தாயின் முகமும் இம்மாணவன் அறிந்திருத்தல் வேண்டும். ஆண்டில் ஒருநாள் அத்தாயைக் கண்டு வணங்கி, தான் கற்றதைச் சொல்லிவருவானாயின் அதனின் மிக்க நினைவுவிழா வேறில்லை. அவன் பின்னர்ப் பொருளீட்டி, தான் பெற்ற அளவேனும் அம்முதலிற் சேர்ப்பானாயின், கடன் ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறி மாறி அறாது செல்லும்.

மகனை இழந்த தாய்க்கு அவனை மீட்டுத்தர எவராலும் இயலாது. கல்லும் அதனைச் செய்யாது, நிதியும் செய்யாது. அத்துயரின் ஆழம் அவளும் அம்மையப்பரும் மட்டும் அறிவது. ஆயின், மாலைப்பொழுதிற் பண்ணைப்புரத்து வீட்டொன்றின் திண்ணையிலே, தன் மகன் பெயராற் படிக்கும் பிள்ளையொன்று புத்தகத்தை விரித்துவைத்து உரக்க ஓதும் ஒலி அவள் செவியில் விழுதல் கூடும். அவ்வொலி அவளுக்கு ஆறுதலாகும் என்று உறுதிகூறுதல் எவர்க்கும் ஒல்லாது. ஊரார் தம் கடனை மறந்திலர் என்பதை மட்டும் அது அவளுக்கு அறிவிக்கும். புலிமான்கோம்பையிற் கல்லெடுத்தார் அந்தவனுக்குச் செய்தது அதுவே. அவர்வழி வந்தார் இன்று செய்யக்கடவதும் அதுவே. உயிர்கட்கெல்லாம் உயிராய் நின்று, எவர் கடனையும் மறவாது ஊட்டும் சிவபெருமான் திருவருள் அத்தாய்க்கும் அம்மகனுக்கும் அப்பிள்ளைக்கும் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.